மலையடிவாரத்து வீடு: கோடை வெக்கைக்குச் செய்யும் ஏற்பாடு காட்டுத்தீயை இழுத்து வராமல் இருக்க என்ன வழி?

#1 அடிவாரம்

வணக்கம். வீடு போடிக்கு மேற்கே, மலையை ஒட்டி இருக்கிறது. முன்பக்கம் 600 சதுர அடி தார்சு, அதாவது தட்டையான மாடித் தளம். பின்பக்கம் சமையல்கட்டும் சாமான் அறையும் சீமை ஓடு. மேற்கே நாற்பது மீட்டர் தள்ளி இலவந்தோப்பு, அதைத் தாண்டினால் காப்புக்காடு. கிழக்கே தரிசு சரிவாக இறங்குகிறது, அதன் அடியில் தார் ரோடு. அப்பாவுக்கு வயது 74, இன்சுலின் போட்டுக்கொள்கிறார்.

மூன்று கேள்விகள். மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போடலாமா, இல்லை பச்சை வலை கட்டலாமா? ஏர் கூலரா, ஏ.சி.யா? தோப்புப் பக்கமிருந்து தீ வந்தால் வீடு தப்பிக்க இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்? பங்குனி பிறக்கும் முன் வேலையை முடிக்கப் பார்க்கிறேன்.

#2 சாந்துக்கரண்டி

கீற்றை மறந்துடுங்க. நிழலுக்கு அதை அடிச்சுக்க ஆளில்ல, ஒத்துக்கிறேன். ஆனா மாசியில வேய்ஞ்ச கீற்று கொஞ்ச நாள்லயே முறுகிடும். காட்டுத்தீயில வீடு எரியுறது பெரும்பாலும் தீ நாக்கு வந்து தொட்டு இல்லீங்க. கங்கு காத்துல பறந்து வந்து காஞ்சது மேல உக்காரும், அங்கேருந்துதான் பிடிக்கும். பச்சை வலையும் தேறாது. அது எச்.டி.பி.இ. பிளாஸ்டிக், 130 டிகிரி வாக்குல உருகிச் சொட்டும். சொட்டுற இடத்துல எது இருக்கோ அதுவும் சேர்ந்து எரியும்.

உங்களுக்குத் தேவை எரியாத வெள்ளை. 5 அங்குல கான்கிரீட் பகல் பூரா வெயிலைக் குடிச்சுட்டு, நாலஞ்சு மணி நேரம் கழிச்சுத்தான் அடிப்பக்கம் கக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல படுத்தா தலைக்கு மேல அனல் இறங்குறது அதனாலதான். வெயிலைத் தளத்துக்குள்ள ஏற விடாம திருப்பி அனுப்பணும்.

600 சதுர அடிக்கு இரண்டு பூச்சு: சலிச்ச நீற்றுச் சுண்ணாம்பு 20 கிலோ, வெள்ளை சிமெண்ட் 2 கிலோ, கட்டட வேலைக்கு விக்கிற பசை 1 லிட்டர். தளம் சொரசொரப்பா இருந்தா இன்னும் 5 கிலோ சுண்ணாம்பு கேக்கும். கல்லுச் சுண்ணாம்பு வாங்கினா முந்தின நாளே இரும்பு டிரம்ல நீத்துங்க. பிளாஸ்டிக் வாளி அந்தக் கொதியில இளகிடும். கண்ணுல தெறிச்சா பார்வைக்கே கேடு, கண்ணாடி போடாம கிண்டாதீங்க.

தளத்தைப் பெருக்கி, பாசி சுரண்டி, தண்ணி தெளிச்சு ஈரம் இருக்கும்போதே முதல் பூச்சு. மறுநாள் அதுக்குக் குறுக்கா இரண்டாவது. விடியக்காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோதான் அடிக்கணும். பூச்சு காலடியில பொடிப்பொடியா உதிருதுன்னா உச்சி வெயில்ல, காஞ்ச தளத்துல அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். சுண்ணாம்பு இறுகறதுக்கு ஈரம் வேணும், அதுக்குள்ள உலர்ந்துட்டா வெறும் தூள்தான். ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்த மாசியில மறுபடி அடிச்சுக்கோங்க. கடையில விக்கிற கூல் ரூஃப் பெயிண்ட் சில வருஷம் வரும், ஆனா அதுவும் புழுதி படிஞ்சா வேலை செய்யாது. கோடைக்கு முன்னாடி ஒரு தடவை கழுவி விடணும்.

கையில காசு இருந்தா வேற வழி: 3 அங்குலம் செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவை, அது மேல தட்டோடு. நம்ம ஊர்ப் பழைய தார்சு வீடுகள் இன்னிக்கும் குளுகுளுன்னு இருக்கிறது அதனாலதான். இப்ப அந்த வேலை தெரிஞ்ச ஆள் கிடைக்கிறதுதான் பாடு.

#3 பாண்டி_மதுரை

அண்ணே, சாயங்காலம் மாடியில தண்ணி ஊத்துனா போதாதா? செலவே இல்ல.

#4 சாந்துக்கரண்டி

ஊத்தலாம் தம்பி, நேரம் பார்த்து. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பத்தைத் தூக்கிட்டுப் போகும். 600 சதுர அடியில ஒரு மில்லிமீட்டர் நனையுற அளவுக்கு 55 லிட்டர், அதாவது நாலு குடம், போதும். வெயில் இறங்கின பிறகு ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை. மதியம் ரெண்டு மணிக்குக் கொதிக்கிற தளத்துல ஊத்தினா மயிரிழை விரிசல் விழும், ஐப்பசியில அதுவே ஒழுகும். குளம் கட்டி நிறுத்துறது அதைவிட மோசம், தண்ணி தளத்துக்குள்ள இறங்கிக் கம்பி துரு ஏறும். போர்த்தண்ணியே இல்லாத ஊர்ல இதைச் சொல்லவே கூச்சமா இருக்கு. வெள்ளையடிச்சவங்களுக்கு இது தேவையும் இல்ல.

#5 குளிர்கணக்கு

கூலரா ஏ.சி.யா என்பதை முடிவு செய்வது காற்றின் ஈரப்பதம். தேனிப் பக்கம் ஏப்ரல் மதியம் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றை நீரால் எவ்வளவு குளிர்வித்தாலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காது. நல்ல தேன்கூட்டு பேட் உள்ள கூலர் அந்த இடைவெளியில் முக்கால்வாசியைப் பிடிக்கும், ஆக கூலரின் வாய் வழியாக 28 டிகிரி காற்று வரும். இது தாராளம். சென்னையில் 37 டிகிரி, ஈரம் 60 சதவீதம் என்றால் அதே கூலர் 32க்குத்தான் இறக்கும், அதோடு அறையைப் புழுக்கக் கிடங்காக்கிவிடும். வெட்டிவேர்த் தட்டிக்கும் இதே கணக்குதான். வேலூர், கரூர், தேனியில் அது வரம், கடற்கரையில் வாசனை மட்டும்.

கூலர் வைத்தவர்கள் செய்யும் பெரிய தப்பு, ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு அறைக்குள்ளேயே ஓட்டுவது. கூலரின் முதுகு வெளிக்காற்றை இழுக்க வேண்டும், எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னல் பாதி திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அரை மணியில் அதே ஈரக்காற்றைத்தான் மறுபடி மறுபடி சுற்றிக்கொண்டிருக்கும். போர்த்தண்ணி உப்பு பேடில் வெள்ளையாகப் படிந்தால் காற்று அடைபடும். மூன்று நாளுக்கொரு முறை தொட்டியை முழுக்க வடித்துவிடுங்கள். வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவாவிட்டால் டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மலை எரியும் நாளில் கூலர் புகையை இழுத்து அப்பாவின் முகத்தில் ஊதும். அதனால் என் யோசனை: கூடத்துக்குக் கூலர், அப்பா படுக்கும் அறைக்கு மட்டும் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. வீடு முழுக்கக் குளிர வேண்டாம், ஒரே ஓர் அறை நம்பிக்கையாகக் குளிர்ந்தால் போதும். 26 டிகிரியில் வைத்து மேலே ஃபேனைச் சுற்ற விடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பி.இ.இ. சொல்லும் கணக்கு. ஃபேன் பி.எல்.டி.சி. வகையாக இருந்தால் 30 வாட் அளவில் ஓடும், பழையது 75 வாட். மின்தடை நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி எத்தனை மணி தாங்கும் என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கும்.

மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதில் பலன் குறைவு. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட பிறகு அதை வெளியேற்ற முடியாது. வெளிப்பக்கம் தகர மறைப்போ மரச் சட்டமோ வையுங்கள். தீப் பயம் உள்ள வீட்டுக்குத் தகரம்.

#6 கடலோரம்

சென்னைக்காரர்கள் இதைப் படித்துக் கூலர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள் 🙂 கடற்காற்று மதியம் பன்னிரண்டுக்குள் வந்தால் பிழைத்தோம், மூன்று மணி வரை வரவில்லை என்றால் எந்தக் கூலரும் உதவாது. நமக்கு வெள்ளை மாடி, குறுக்குக் காற்று, ஏ.சி. இருந்தால் ஏ.சி. அவ்வளவுதான்.

#7 தீக்காவல்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் காட்டுப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். இந்த வீட்டுக்கு வேகமான தீ வரக்கூடியது கிழக்கே இருந்து, ரோட்டோரத்திலிருந்து. தீ சரிவில் ஏறும்போது ஒவ்வொரு 10 டிகிரி சாய்வுக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். யாரோ அணைக்காமல் எறிந்த பீடித்துண்டு, தரிசில் இடுப்பளவு காய்ந்த புல், பகலில் அடிவாரத்திலிருந்து மலை நோக்கி ஏறும் காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் உங்களுக்கு நிமிடக் கணக்குதான் கிடைக்கும். 2018 மார்ச் 11 அன்று போடி பக்கத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டதும் காய்ந்த புல் மூடிய சரிவில்தான்.

மேற்கே காட்டிலிருந்து இறங்கும் தீ மெதுவாக வரும். ஆனால் இரவில் காற்று திசை மாறி மலையிலிருந்து கீழே இறங்கும், எரியும் கட்டைகள் உருண்டு வரும். பகலில் "தீ மேலே போகுது, நமக்கென்ன" என்று இருந்த வீட்டுக்கு ராத்திரிதான் ஆபத்து.

வீட்டிலிருந்து வெளியே போகும் வரிசையில் செய்யுங்கள்.

சுவரை ஒட்டி ஒன்றரை மீட்டர்: எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. வெறும் மண் அல்லது ஜல்லி. இறவாரத்தடியில் அடுக்கிய விறகு, தேங்காய் மட்டை, சாக்கு மிதியடி, சுவரில் சாய்த்த துடைப்பம், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் போக வேண்டும். செலவில்லாத வேலை இது. அதனாலேயே எல்லோரும் கடைசிக்குத் தள்ளிப்போடுகிறார்கள்.

அடுத்துப் பத்து மீட்டர் வரை: புல் கணுக்கால் உயரத்தைத் தாண்டக் கூடாது. மரத்தின் கீழ்க்கிளைகளை ஆள் உயரத்துக்கு மேல் கழித்துவிடுங்கள், தரைத்தீ கிளை வழியாக ஏறாது. தென்னையில் தொங்கும் காய்ந்த மட்டையை இறக்கிவிடுங்கள். வாழை நல்ல தடுப்பு, ஆனால் சருகைக் கழிக்காத வாழை தடுப்பாகாது. கூரை மேல் சாயும் கிளை எதுவும் வேண்டாம்.

முப்பது மீட்டர் வரை: வைக்கோல் படப்பு இதற்குள் இருக்கக் கூடாது. உண்ணிச்செடிப் புதரை வேரோடு எடுங்கள். அது பச்சையாக இருப்பதுபோல் தெரியும், அடியில் முழுக்கக் காய்ந்த குச்சி. கிழக்குச் சரிவில் இந்த முப்பதை ஐம்பதாக்குங்கள். இடம் உங்களுடையது இல்லை என்றால் தரிசுக்காரரிடம் பேசி இப்போதே புல்லை அறுத்துவிடுங்கள், மாட்டுக்கு ஆகும்.

இலவந்தோப்புக்கும் வீட்டுக்கும் நடுவே 3 மீட்டர் அகலத்துக்கு மண் தெரியச் செதுக்கிய தீத்தடுப்புக் கோடு ஒன்று. சரிவில் 6 மீட்டர். அறுத்த புல்லைக் கோட்டின் ஓரத்திலேயே குவித்துவைத்தால் கோடு போட்டும் பலனில்லை, அள்ளி எடுத்துவிடுங்கள். இந்தக் கோடு தரையில் ஊர்ந்து வரும் தீயை நிறுத்தும். பறக்கும் கங்கை நிறுத்தாது, அதற்குத்தான் சுவரை ஒட்டிய அந்த ஒன்றரை மீட்டர்.

புல் வெட்டும் மெஷினில் இரும்பு பிளேடு மாட்டினால் கல்லில் பட்டுப் பொறி பறக்கும். சுத்தம் செய்யப்போய் தீ வைத்த கதையாகிவிடும். நைலான் நரம்பு மாட்டுங்கள், காலை ஒன்பது மணிக்குள் பனி ஈரம் இருக்கும்போதே முடியுங்கள், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் இருக்கட்டும்.

#8 வருசநாட்டான்

எதுக்கு இவ்வளவு சிரமம்? காஞ்ச புல்லை ஒரு ஓரமா வச்சு எரிச்சுவிட்டா அதுவே தீக்கோடு. ஃபாரஸ்ட்காரங்களும் அதைத்தானே செய்றாங்க?

#9 தீக்காவல்

செய்கிறார்கள். பனி விழும் காலத்தில், இரு ஓரத்தையும் முதலில் செதுக்கி, ஆட்களை வரிசையாக நிறுத்தி, காற்று பார்த்து. வீட்டுக்காரர் தனியாக மாசியில் தீப்பெட்டி எடுப்பது வேறு. காலை பதினொரு மணிக்கு மேல் காற்று சுழன்று திசை மாறினால் இரண்டு பேரால் ஒன்றும் செய்ய முடியாது. காப்புக்காட்டுக்குள் போனால் அது தமிழ்நாடு வனச்சட்டத்தின்படி குற்றம், உங்கள் தோட்டத்தில் வைத்த தீ உள்ளே பரவினாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். நம் மலைகளில் தீ பெரும்பாலும் மனிதர் வைப்பது. வேண்டுமென்றே வைப்பதைவிட, அணைந்துவிட்டது என்று நம்பி விட்டுவந்தது அதிகம். சருகை மக்க வையுங்கள். குழி 1 மீட்டர் ஆழம், ஒரு அடுக்குச் சருகு, அதன் மேல் சாணிக்கரைசல், மேலே மண்.

#10 வருசநாட்டான்

சரிங்க. மூடாக்கு போட்ட மரத்தடிச் சருகையும் எடுக்கணுமா? அதை எடுத்தா மாமரம் காய்ஞ்சுடுமே.

#11 தீக்காவல்

நல்ல கேள்வி. வீட்டிலிருந்து பத்து மீட்டருக்குள் உள்ள மரத்துக்கு மட்டும் சருகு மூடாக்கை எடுத்துவிட்டு, கல் அல்லது மண் அணைப்பு கொடுங்கள். அதற்கு அப்பால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு மரத்துப் பாத்திக்கும் அடுத்த மரத்துப் பாத்திக்கும் நடுவே மண் தெரிய வேண்டும். தொடர்ச்சியை அறுப்பதுதான் முக்கியம்.

#12 மின்கம்பி

ஏ.சி. போடுறதுக்கு முன்னாடி வயரைப் பாருங்க சார். கோடையில வீட்டுக்குள்ளயே தீ பிடிக்கிறது பெரும்பாலும் பிளக் பாயிண்ட்லதான். ஏ.சி.க்கு மீட்டர் போர்டுலேருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு வயர், 20 ஆம்ப் சி டைப் எம்.சி.பி. (லோடு மீறினா தானா கட் ஆகுற சுவிட்ச்). சாதா 16 ஆம்ப் சாக்கெட்ல செருகாதீங்க, மெட்டல் பாக்ஸ் பிளக் போடுங்க. ஒரு மணி நேரம் ஓடின பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. லேசா வெதுவெதுன்னா சரி. கை வைக்க முடியலன்னா ஸ்க்ரூ தளர்ந்திருக்கு, உடனே ஆஃப்.

கூலருக்கு 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) கட்டாயம். தண்ணியும் தகர பாடியும் கரண்டும் ஒரே இடத்துல இருக்கு. இன்னொண்ணு யாரும் கவனிக்க மாட்டாங்க: கோடையில எர்த் குழி வறண்டுடும், எர்த் வேலை செய்யாது. வாரம் ஒரு குடம் தண்ணி அந்தக் குழியில ஊத்துங்க.

ஃபேன் மெதுவா சுத்துதுன்னா புது ஃபேன் வாங்காதீங்க. 2.5 எம்.எஃப்.டி. கெபாசிட்டர் போயிருக்கும், சின்னச் செலவுதான். வோல்டேஜ் 180க்குக் கீழ இறங்குற கிராமத்துல ஏ.சி.க்கு ஸ்டெபிலைசர் வாங்குங்க. இன்வெர்ட்டர் பேட்டரியை ஓட்டுச் சாமான் அறையில வைக்காதீங்க. 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதோட ஆயுசு பாதியாகும். காத்தோட்டமான இடம் வேணும், டிஸ்டில்டு வாட்டர் மட்டத்தை மாசம் ஒரு தடவை பாக்கணும்.

ஏ.சி. அவுட்டோர் யூனிட்டை இலவந்தோப்பு பாத்த சுவர்ல மாட்டாதீங்க. பஞ்சு போய் ஃபின்ல அடைஞ்சா கம்ப்ரஸர் சூடாகிக் கட் ஆகும்.

#13 வார்டுசிஸ்டர்

அப்பாவைப் பற்றிச் சில விஷயங்கள்.

சுகர் உள்ளவர்களுக்கு வெயிலில் இன்சுலின் சீக்கிரம் உறிஞ்சப்படும், சுகர் திடீரென்று இறங்கும். வியர்வை, தள்ளாட்டம், குழப்பம். வெப்ப மயக்கமும் பார்க்க இப்படித்தான் இருக்கும். அதனால் முதலில் குளுக்கோமீட்டர் வைத்துப் பாருங்கள், ஊகம் வேண்டாம். ஸ்டிரிப் டப்பாவை டி.வி. மேலும் ஜன்னல் ஓரமும் வைக்காதீர்கள், சூட்டில் தப்பாகக் காட்டும்.

திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில். உபயோகத்தில் உள்ளது 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், பெரும்பாலான வகை சுமார் நாலு வாரம் வரும், அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள். கரண்ட் இல்லாத நாளுக்கு இரட்டைப் பானை: பெரிய மண்பானைக்குள் சின்னது, நடுவே ஆற்றுமணல், மணலைக் காலை மாலை நனைத்து, நிழலில் காற்று படும் இடத்தில் வைத்து, ஈரத்துணியால் மூட வேண்டும். உங்கள் ஊர் வறண்ட காற்றுக்கு நன்றாகவே குளிரும். மருந்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள். ஐஸ்கட்டியோடு சேர்த்து வைத்து உறைந்துபோன இன்சுலினைப் போடவே கூடாது.

நீர்க்கட்டு மாத்திரை, பிரஷர் மாத்திரைகளில் சில வெயிலில் உடம்பு தாங்கும் சக்தியைக் குறைக்கும். தானாக நிறுத்தாதீர்கள், கோடை தொடங்கும் முன் டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் வெறும் ஃபேன் ஆறுதல் தராது, சூட்டைத்தான் உடம்பில் அடிக்கும். தோலை நனைத்துவிட்டு ஃபேன் போடுங்கள். தினசரிக்கு உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம். ஓ.ஆர்.எஸ். உடம்பு வற்றியவர்களுக்கு, ஒரு பாக்கெட் ஒரு லிட்டருக்கு. பாதி பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பதைப் பார்த்திருக்கிறேன், அது கேடு. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறி, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றால் அது வெப்பத் தாக்கு. வியர்த்திருந்தாலும் அதேதான். 108க்கு ஒருவர் பேசும்போதே இன்னொருவர் குளிர்விக்க ஆரம்பியுங்கள். துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஃபேன். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி அக்குள், தொடையிடுக்கு, கழுத்து. பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், இது தொற்றுக் காய்ச்சல் இல்லை. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: 2024 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டிருக்கிறது. உயிரிழப்புக்கு 4 லட்சம் நிவாரணம் உண்டு, ஆனால் மரணத்துக்குக் காரணம் வெப்பம் என்று மருத்துவப் பதிவு இருந்தால்தான் கோர முடியும்.

#14 அடிவாரம்

எல்லோருக்கும் நன்றி. கீற்று இல்லை, வெள்ளையடிப்பு முடிவாகிவிட்டது. இன்னும் மூன்று சந்தேகம். ஓட்டுப் பகுதிக்கு என்ன செய்வது? வெக்கைக்கு உள்ளே தெர்மோகோல் சீலிங் அடிக்கச் சொல்கிறார்கள். புகை நாளில் வீட்டைச் சாத்தினால் வெந்துபோவோம், திறந்தால் மூச்சு முட்டும், அதற்கு என்ன வழி? மாடியில் 1000 லிட்டர் டேங்க் இருக்கிறது, தீயணைக்கப் போதுமா?

#15 சாந்துக்கரண்டி

தெர்மோகோல் வேண்டவே வேண்டாம். ஒரு கங்கு ஓட்டிடுக்குல நுழைஞ்சா அது உருகி எரிஞ்சு தலைமேல சொட்டும், நச்சுப் புகை வேற. சிமெண்ட் ஃபைபர் போர்டோ ஜிப்சமோ போடுங்க. ஓட்டுக்கும் போர்டுக்கும் நடுவுல அரை அடியாவது இடைவெளி வேணும். அந்த இடைவெளிக் காத்து வெளியேற ரெண்டு முனையிலும் வழி விடணும், இல்லன்னா போர்டு அடிச்சும் பலனில்ல.

அந்த வழிதான் கங்கு நுழையுற வழியும். கலவை வச்சு அடைச்சா கங்கு வராது, ஆனா சூடு உள்ளேயே தங்கும். அதனால அடைக்காம வலை போடுங்க: கண் அளவு 2 மி.மீ.க்கு மிகாத எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கம்பி வலை. நைலான் கொசுவலை கங்கு பட்டதும் ஓட்டையாகும். இறவாரத்துல ஓட்டு நெளிவுக்கும் சுவருக்கும் நடுவுல தெரியுற சந்து எல்லாத்துக்கும் இதே வலைதான். உடைஞ்ச ஓட்டை மாத்திடுங்க. மோட்டு ஓட்டுக் கலவை பேந்திருந்தா மறுபடி பூசுங்க. அடுப்பங்கரைப் புகைக்கூண்டு வாய்க்கும் இந்த வலை உண்டு, ஆனா மாசம் ஒரு தடவை கரியைத் தட்டணும். ஓட்டு மேல சேர்ற சருகை வாரம் ஒரு தடவை பெருக்கிடுங்க. ஏணியை ஓட்டு மேல சாய்க்காதீங்க, சுவர்ல சாய்ச்சுப் போடுங்க, சீமை ஓடு காலுக்குத் தாங்காது.

#16 குளிர்கணக்கு

புகை நாளுக்காகத்தான் அந்த ஒற்றை ஏ.சி. அறை. ஸ்பிளிட் ஏ.சி. உள்காற்றையே சுற்றும், வெளியிலிருந்து இழுக்காது. விண்டோ ஏ.சி. என்றால் வென்ட் நெம்புகோலை மூடிய நிலையில் வையுங்கள். கதவடியில் ஈரத்துண்டு, ஜன்னல் சந்தில் டேப். கூலரும் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஆஃப். அந்த அறையில் ஊதுபத்தி, கொசுவர்த்தி, அடுப்பு எதுவும் கூடாது. வெளியே போக வேண்டியிருந்தால் என்95 மாஸ்க். ஈரத்துணியும் சாதா சர்ஜிக்கல் மாஸ்க்கும் நுண்புகையைத் தடுக்காது.

கரண்ட் போனால் இந்தத் திட்டம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அறைக்குள் 35ஐத் தொட்டு, வெளியே புகையும் குறையவில்லை என்றால் அப்பாவை போடி டவுனுக்குக் கூட்டிப்போய்விடுங்கள். யார் வீட்டுக்கு என்பதை இன்றைக்கே பேசிவையுங்கள். இரவில் புகை பள்ளத்தில் தேங்கும், வெயில் ஏறித் தரை சுட்டபின் கொஞ்சம் மேலே எழும். ஜன்னல் திறக்க அந்த நேரத்தைப் பாருங்கள்.

#17 தீக்காவல்

டேங்க் கணக்கு. முக்கால் அங்குல ஹோஸ் 30 மீட்டர், மாடி டேங்க் அழுத்தம் மட்டும் என்றால் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் வரும். 1000 லிட்டர் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தீரும். காட்டுத்தீயை அணைக்க அது பற்றாது, கங்கு விழுந்த இடத்தை அணைக்கத் தாராளம். முதல் வேலை தண்ணீரைச் சேமிப்பது: தீ தெரிந்ததும் சுவரையும் தரையையும் நனைத்துத் தீர்த்துவிட்டால், கங்கு வரும் நேரத்தில் குழாய் வறண்டிருக்கும். மலையில் தீ என்றால் மின்கம்பி லைனையும் நிறுத்திவிடுவார்கள், போர் மோட்டாரை நம்பாதீர்கள். தரையில் ஓடும் பி.வி.சி. குழாயும் நம்பத்தகாதது. கடைசி இரண்டு மீட்டரும் குழாய் முனையும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஆக இருக்கட்டும்.

கையில் இருக்க வேண்டியவை: மருந்தடிக்கும் 16 லிட்டர் கைத்தெளிப்பான் இரண்டு (மருந்து வாடை போகக் கழுவியது), மண்வெட்டி, நீண்ட காம்பு வாரி, மூடியுள்ள இரும்பு வாளி, ஓட்டுக்கு எட்டும் ஏணி, பருத்தி முழுக்கைச் சட்டை, தோல் செருப்பு. பாலியஸ்டர் லுங்கி, நைலான் ட்ராக் பேன்ட் வேண்டாம், உருகி உடம்போடு ஒட்டும்.

புல் தீ முழங்கால் உயரத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் பச்சைத் தழையால் அடிக்கலாம். கருகிய பக்கம் நின்று, ஓரத்திலிருந்து, இருவராக. தழையை ஓங்கி வீசினால் பொறி சிதறும், அமுக்கித் தேய்க்க வேண்டும். அதற்கு மேல் உயர்ந்தால் விட்டுவிடுங்கள். தீக்கு மேல்பக்கச் சரிவில் ஒருபோதும் நிற்காதீர்கள். எதிர்த்தீ வைப்பது துறைக்காரர்கள் வேலை.

101 அல்லது 112க்கு முதலில் பேசுங்கள், மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077. உங்கள் பகுதி ரேஞ்சர் அலுவலக எண்ணை இப்போதே வாங்கிச் சுவரில் எழுதிவையுங்கள். 2024 மார்ச்சில் குன்னூரில் விமானப்படை ஹெலிகாப்டர் வந்து நீர் கொட்டியது உண்மைதான், ஆனால் அதை நினைத்து வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது.

கிளம்ப வேண்டிய நாளுக்கு: வண்டி ரோடு பார்த்து நிற்கட்டும், பெட்ரோல் பாதிக்கு மேல் இருக்கட்டும். காஸ் ரெகுலேட்டரை மூடி ஆஃப் செய்யுங்கள். ஜன்னல் திரையைக் கழற்றுங்கள், கண்ணாடிக் கதவைச் சாத்துங்கள். மாட்டை அவிழ்த்துவிடுங்கள், கட்டுத்தறியில் விட்டுப் போகாதீர்கள். ரோடு கிழக்கே இருப்பதால், கிழக்குச் சரிவில் தீ என்றால் உங்களுக்கு வெளியேற வழியே இல்லை. அப்போது அந்த வெள்ளைத் தார்சுப் பகுதிக்குள் இருப்பதுதான் புகலிடம். அதற்காகத்தான் ஐம்பது மீட்டர் சொன்னேன்.

#18 பாண்டி_மதுரை

செயற்கைக்கோள்ல தீ தெரியும்னு சொல்றாங்களே, மொபைல்ல பாக்க முடியுமா?

#19 தீக்காவல்

முடியும். இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் தளத்தில் எண்ணைப் பதிந்தால் எஸ்.எம்.எஸ். வரும். நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடம் எல்லோருக்கும் திறந்தது. ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் கட்டம், தீ அந்தக் கட்டத்தில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்தச் செயற்கைக்கோள் மதியம் ஒன்றரை, இரவு ஒன்றரை வாக்கில்தான் கடக்கும், படம் வர மேலும் சில மணி நேரம். மூன்று மணிக்குத் தொடங்கிய தீ ராத்திரி வரை அதில் தெரியாது. இரண்டு மலை தள்ளி எரிவது எந்தப் பக்கம் நகர்கிறது என்று நாள் கணக்கில் பார்க்க நல்லது. கிளம்பலாமா என்று முடிவெடுக்க மூக்கும் கண்ணும்தான்.

#20 அடிவாரம்

கடைசியாக ஒன்று. தோப்புக்காரர் சித்திரையில் இலவங்காய் உதிர்த்து, எங்கள் களத்தில்தான் காயவைப்பார். எப்போதும் அப்படித்தான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

#21 இலவங்காடு

மாட்டேன்னு சொல்ல வேண்டாம், இடத்தை மாத்தச் சொல்லுங்க. வெடிச்ச இலவங்காய்ப் பஞ்சு ஒரு பொறியில குபீர்னு பிடிச்சு, காத்துல பறந்துக்கிட்டே எரியும். கொஞ்சம் முன்னாடியே, காய் வெடிக்கிறதுக்குள்ள பறிச்சா தரையில பஞ்சு சிந்தாது, அவருக்கும் எடை நஷ்டமில்ல. காயவைக்க ரோட்டுக்கும் வீட்டுக்கும் முப்பது மீட்டருக்கு அப்பால மண்தரை, சுத்தியும் செதுக்கின ஓரம், மேல மீன்வலை போட்டா பறக்காது. மூட்டையை அன்னன்னிக்கே ஏத்திடணும். ஓட்டுச் சாமான் அறையில ஒரு ராத்திரிதான்னு வைக்க விடாதீங்க. பீடி பிடிக்கிற ஆளுங்களுக்குத் தண்ணி ஊத்தின ஒரு சட்டி தனியா வச்சுக் கொடுத்திடுங்க, துண்டை அதுலதான் போடணும். உதிர்த்து முடிஞ்ச மறுநாள் உங்க ஓட்டு வலையில அடைஞ்ச பஞ்சை மறக்காம துடைச்சு எடுங்க, அந்த 2 மி.மீ. கண்ணுல அது நல்லா ஒட்டும்.